மூச்சுப் புத்தகம், அடுப்புப் புத்தகம்

புதுக்கரையில் எரிபொருளுக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. கதவுக்கு வெளியே இருந்த ஏரி முழுவதும் எரிவாயு திரவமாகக் கிடந்தது. மழையாகப் பெய்ததும் அதுவே. சனிக்கோளின் டைட்டன் நிலவு அப்படிப்பட்ட இடம். பூமியில் விறகைத் தேடிப் போக வேண்டும், காற்று தானாக வந்து சேரும். டைட்டனில் விறகு தானாக வந்து சேரும். பிராணவாயுவைத்தான் பனிப்பாறையை வெட்டி, உருக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துத் தொட்டியில் சேர்த்து வைக்க வேண்டும். அங்கே குடியேறிய இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதைச் சுருக்கமாகக் காற்று என்றே சொன்னார்கள்.

அந்தக் காற்றுக்கு இரண்டு புத்தகங்கள் இருந்தன. மூச்சுப் புத்தகத்தில் மனிதர் சுவாசிக்கும் காற்று. அடுப்புப் புத்தகத்தில் தீக்குப் போகும் காற்று. முதல் குடியேறிகளின் காலத்தில் ஒரு மேலாளர் உலோக உலைக்காக மூச்சுக் காற்றையும் சேர்த்து எரித்துவிட்டதில் ஏழு பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு புத்தகங்களையும் ஒரே மேசையில் வைப்பதில்லை, ஒரே ஆள் எழுதுவதில்லை, ஒன்றோடொன்றைக் கூட்டுவதில்லை. மூச்சு ஆண்டவருடையது, தீ நம்முடையது என்று ஞாயிறு ஜெபத்திலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நல்ல மனதோடு செய்த ஏற்பாடுதான்.

அடுப்புப் புத்தகத்தைப் பதினோரு வருடமாக எழுதிவந்தவள் எப்சிபா. ஒரு கிலோ எரிவாயு எரிய நாலு கிலோ காற்று வேண்டும், அதில் இவ்வளவு வெப்பம் வரும், கணக்குக்கு மேலே ஒரு பிடி காற்றுக் கூடக் கொடுக்காவிட்டால் அடுப்பு கரி கக்கும் என்பதெல்லாம் அவளுக்கு ஜெபம்போல மனப்பாடம். மூச்சுப் புத்தகத்தை எழுதியவர் ஞானசிகாமணி. இரத்த உறவு இல்லாவிட்டாலும், எப்சிபாவின் கணவர் தேவதிரவியத்தை அவர் அண்ணாச்சி என்றும் அவளை மைனி என்றும் அழைப்பார். ஒரு தடவை எப்சிபா இருபது நாள் காய்ச்சலில் கிடந்தபோது, ஒரே ஆள் எழுதக்கூடாது என்ற விதியையும் பாராமல், தன் வேலை முடிந்த பிறகு தினமும் வந்து அடுப்புப் புத்தகத்தை ஒரு புள்ளி பிசகாமல் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் எழுந்து வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் அணு உலை நின்றுபோனது. அதோடு மின்சாரமும், வீடுகளுக்கு வந்த சூடும், காற்றுப் பிரிக்கும் வேலையும் நின்றன. மாற்று உதிரிகளோடு கப்பல் வர அறுபத்து நான்கு நாள் ஆகும். அதுவரை தொட்டியில் இருக்கும் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும், வீடுகளைச் சூடாக்க அதையேதான் அடுப்புகளில் எரிக்கவும் வேண்டும். வெளியே பூஜ்யத்துக்கு நூற்று எண்பது டிகிரி கீழே குளிர். இரண்டு புத்தகங்களும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்து மூப்பர்கள் பார்த்ததில், தொட்டி அறுபத்தைந்து நாள் தாங்கும் என்று தெரிந்தது. ஒரே ஒரு நாள் மிச்சம்.

அப்போதுதான் வடமுனையிலிருந்து செய்தி வந்தது. அது இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆராய்ச்சி முகாம். முப்பத்தொரு பேர். அங்கே சூட்டுக்குக் குறைவில்லை, தனியாகச் சிறிய அணுக்கலம் ஒன்று இருந்தது. குறைவு மூச்சுக்கு. பனியோடு பனியாகப் புதைத்த தொட்டியில் விரிசல் விட்டு, ஐம்பத்தாறு நாளுக்கான காற்றுதான் மிச்சம். அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவும் வழியில்லை. ஆட்கள் மட்டும் வரலாம். வரட்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

முப்பத்தொரு பேரில் தேவதிரவியமும் ஒருவர். ஏரி ஆழம் அளக்கப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

எப்சிபா அழவில்லை. அவளுக்கு வேறொரு குழப்பம் இருந்தது. உலை நின்ற ஒன்பது நாளாக அடுப்புகள் அவள் புத்தகத்தில் எழுதியதைவிட மிகக் குறைவாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. மானி பழுது என்று நினைத்து மூன்று மானிகளை மாற்றிப் பார்த்தாள். பிறகு அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். நாலே பேர் படுத்திருந்த நோயாளிகள் அறையில் அடுப்பு புத்தகத்தில் உள்ளபடி எரிந்தது. அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டு அறையில் அடுப்பு ஏறக்குறைய அணைந்தே இருந்தது. வெப்பம் இரண்டிலும் ஒன்று.

அவள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யார் தட்டிலிருந்தோ வழிந்த கஞ்சியின் மேல் கையை ஊன்றியது தெரியாமல், அந்த அறுபது பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகலே மூச்சுப் புத்தக அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அடுப்புப் புத்தகத்தை எடுத்துப்போவது அதுதான் முதல் முறை. ஞானசிகாமணி அதைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஒரு ஆளு ஒரு நாளைக்கு எவ்வளவு காத்து இழுப்பான்?"

"எண்ணூத்தி நாப்பது கிராம். உங்களுக்குத் தெரியாததா மைனி?"

"அது எங்க போவுது?"

"எங்க போவும்? உடம்புல சோறு எரியுது. எரிஞ்சு…" அவர் பாதியில் நிறுத்தினார்.

"எரிஞ்சு சூடா வருது," என்றாள் எப்சிபா. "சோறு எரிஞ்சாலும் சரி, ஏரித் தண்ணி எரிஞ்சாலும் சரி. ஒரு கிலோ காத்துக்கு வார சூடு ஏறக்குறைய ஒண்ணுதான். அடுப்புல பன்னெண்டரை மெகாஜூல். புகையோட கொஞ்சம் நீராவியா வெளிய போயிருதுல்ல, அதான். மனுசன்ட்ட பதினாலு. நம்ம கட்டுன அடுப்பவிட ஆண்டவரு கட்டுன அடுப்பு நல்ல அடுப்பு."

ஞானசிகாமணி பென்சிலை எடுத்தார். இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து கணக்குப் போட்டார்கள். முப்பத்தொரு பேர் உள்ளே வந்தால் அவர்கள் சுவாசிக்கும் அளவுக்கு அடுப்பைத் தணித்துக்கொள்ளலாம். தொட்டியிலிருந்து போகும் மொத்தக் காற்று கூடாது, சொல்லப்போனால் ஒரு மயிரிழை குறையும். உடம்புச் சூட்டை அடுப்புக் கணக்கிலிருந்து கழித்தால் தொட்டி அறுபத்தைந்து நாள் அல்ல, தொண்ணூறு நாள் தாங்கும். இத்தனை நாளும் ஒரே சூட்டை இரண்டு தடவை எழுதிவந்திருக்கிறார்கள். விட்ட மூச்சைச் சுத்தம் செய்யும் சுண்ணாம்பு போதுமா என்று அவள் கேட்டாள். ஐந்நூறு பேருக்கு உண்டு என்றார் அவர். சோறு ஒரு வருடத்துக்கு இருந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தொரு பேரும் வரலாம் என்று அவள் தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்கோடு எழுதியதும், அதன் அடியில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"நாளைக்குச் சபையில நீங்க பேச முடியாது மைனி," என்றார். ஒரு தீர்மானத்தில் தன் உறவினர் சம்பந்தப்பட்டிருந்தால் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது புதுக்கரைச் சட்டம். "ரெண்டு புத்தகத்தையும் நானே வாசிக்கேன். அண்ணாச்சிய நான் கூட்டிட்டு வாரேன். நீங்க நிம்மதியாப் போயி உறங்குங்க."

அவள் நிம்மதியாகவே உறங்கினாள்.

மறுநாள் மூன்று மணிக்குச் சபை ஜெபக்கூடத்தில் கூடியது. குழந்தைகளும் நோயாளிகளும் தவிர நூற்று எண்பது பேர் வந்திருந்தார்கள். தலைமை மூப்பர் வேதமணி அம்மாள். பேறுகாலம் பார்த்துப் பழகிய கை, கண்டிப்பான குரல். எப்சிபா கடைசி வரிசையில் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஞானசிகாமணி எழுந்து மூச்சுப் புத்தகத்தை வாசித்தார். முப்பத்தொரு பேர், அறுபத்து நான்கு நாள், ஆயிரத்து அறுநூற்று எழுபது கிலோ. அவ்வளவு காற்றைக் கொடுத்தால் கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தொட்டி காலியாகும் என்றார். புத்தகத்தை மூடினார். எப்சிபா அடுத்த புத்தகத்துக்காகக் காத்திருந்தாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில் யாரோ விசும்பினார்கள். ஒருவர் எழுந்து, இருநூறு பேருக்காக முப்பது பேர் என்று தொடங்கி, முடிக்க மாட்டாமல் உட்கார்ந்தார். வேதமணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அடுப்புப் புத்தகத்துல இதுக்கு எதுவும் வழி உண்டா, சிகாமணி?"

எப்சிபா அவர் முதுகைப் பார்த்தாள். நேற்று அவள் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட கை அவர் மடியில் இருந்தது.

"இல்ல," என்றார் ஞானசிகாமணி.

அந்த ஒரு சொல்லை அவள் முதலில் நம்பவில்லை. புத்தகத்தை மாற்றி எடுத்திருக்கலாம், பக்கத்தைப் புரட்ட மறந்திருக்கலாம், திரும்ப எழுந்து சொல்லப்போகிறார் என்றே நினைத்தாள். இருபது நாள் தன் புத்தகத்தை எழுதிய ஆள் அல்லவா? கைகள் உயர்ந்தன. எண்ணினார்கள். வர வேண்டாம் என்று தீர்மானம் ஆனது. வானொலி இயக்கும் கஸ்பார் வெளியே போய்ச் செய்தியை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று வடமுனையிலிருந்து பதில் வந்ததாகத் திரும்பி வந்து சொன்னார். அத்தனை நேரமும் ஞானசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் எதையும் மறக்கவில்லை.

கூட்டம் கலைவதற்கு முன் ஒரு சிறிய வழக்கம் உண்டு. அடுப்புப் பொறுப்பாளர் எழுந்து கூடத்தின் வெப்பத்தையும் அடுப்பின் நிலையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு எத்தனை அடுக்கு உடுத்தி நடைபாதையில் கூட்டிப்போகலாம் என்று தாய்மார் அதைக் கேட்டுத் தீர்மானிப்பார்கள். எப்சிபா எழுந்தாள். 

"கூட்டம் ஆரம்பிக்கும்போது கூடத்துல பதினாறு டிகிரி. இப்போ இருபத்தொண்ணு," என்றாள். "அடுப்பு அணைஞ்சிருக்கு."

வேதமணி அம்மாள் தலையை நிமிர்த்தினார். "எப்போ அணைஞ்சது?"

"மூணு மணிக்கு. நான்தான் அணைச்சேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

சிலர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். இரும்பு சில்லென்று இருந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்த ஒருவர் அதையே வெறித்துப் பார்த்தார். எப்சிபா அதைச் சாமர்த்தியத்துக்காகச் செய்யவில்லை. நேற்றுச் சேர்ந்து போட்ட கணக்குப்படி நூற்று எண்பது பேர் உட்கார்ந்தால் அந்தக் கூடத்துக்கு அடுப்புத் தேவையில்லை. இனி அந்தக் கணக்குதான் என்று நம்பி, காலையிலேயே அதன்படி எழுதி வைத்திருந்தாள்.

"வடமுனையப் பத்தி நீ பேசக்கூடாது," என்றார் வேதமணி அம்மாள் மெதுவாக. "அடுப்பப் பத்திப் பேசலாம். நான் அடுப்பப் பத்தித்தான் கேக்கேன். அப்போ இந்தச் சூடு எங்க இருந்து வந்துச்சு?"

"உங்ககிட்ட இருந்துதான் அம்மா. இங்க உக்காந்திருக்கிற எல்லாத்துட்ட இருந்தும்."

 மேலே அவள் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வேதமணி அம்மாள் அடுப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பக்கத்தைப் படித்து, அதன் அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். ஞானசிகாமணியைக் கேட்டார். மைனி எழுதியது சரிதான் என்று அவர் சொன்னார். பல பேருக்குப் புரியவைக்கவும், பயந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. மறுபடி கைகள் உயர்ந்தன. இந்த முறை எண்ண வேண்டியிருக்கவில்லை. கஸ்பார் ஓடினார்.

இரண்டாவது செய்திக்கு உடனே பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து, மின்கலம் சாகும் நிலையிலிருந்த வண்டிக் கருவியிலிருந்து மூன்றே சொற்கள் வந்தன. "இருபத்தேழு பேர். வாரோம்."

அதன்பின் கஸ்பார் எத்தனை முறை கேட்டும் அந்தப் பக்கம் பேசவில்லை.

ஞானசிகாமணி நடைபாதையில் எப்சிபாவை வழிமறித்தார். அவருடைய மகள் ஜெமிமாவுக்கு ஆறு மாதமாக நுரையீரலில் நோய், நோயாளிகள் அறையில் கிடந்தாள். அது எல்லாருக்கும் தெரியும்.

"கணக்கு சரின்னு எனக்குத் தெரியும் மைனி," என்றார். "வாசிக்கத்தான் எழுந்தேன். ஒருவேளை தப்புனாலோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. தப்புனா மொதல்ல போறது எம் புள்ளதான். அவ மொகம் முன்னால வந்து நின்னுச்சு."

 அவர் பயத்தை அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. பயமாயிருக்கிறது என்று நேற்றே சொல்லியிருந்தால், அவரோடு சேர்ந்து இன்னும் பத்துத் தடவை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பாள். உறங்கச் சொன்னாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அவள் கணவரை எண்ணிலிருந்து கழித்துக்கொண்டிருந்தார்.

வண்டிகள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எப்சிபா நோயாளிகள் அறை அடுப்பை வேளை தவறாமல் பார்த்தாள். ஜெமிமா இருமினால் தலையணையை உயர்த்தி வைத்தாள். அந்தச் சிறுமியின் மேல் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. இருபத்தேழில் தன் கணவர் உண்டா, இல்லாத நாலு பேரில் அவர் உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல யாருமில்லை.

கதவு திறந்தபோது ஏழாவதாகத் தேவதிரவியம் வந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. ஜெபக்கூடத்தில் வந்தவர்களைப் பெஞ்சுகளில் நெருக்கமாக உட்கார வைத்திருந்தார்கள். அடுப்பு அணைந்தே இருந்தது. பெண்கள் சுக்குவெந்நீர் கொண்டுவந்தார்கள். ஞானசிகாமணியும் ஒரு வாளியோடும் டம்ளர்களோடும் வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார். எப்சிபா கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 

"ஏன் வந்தீங்கன்னு கேக்கலியே நீ," என்றார் கடைசியில். "இருபத்தேழு பேருக்கு அங்க உள்ள காத்தே அறுபத்து நாலு நாள் தாங்கும். அங்கனயே இருந்திருக்கலாம். இருக்க முடியல."

"அந்த நாலு பேரு…"

"மொதச் செய்தி வந்தப்போ எங்க முகாம்ல மூத்தவரு மாசிலாமணி அண்ணாச்சி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு." அவர் அவளைப் பார்த்தார். "செய்திக்கு அடியில ஒம் பேரு இருந்துச்சு எப்சி."

புதுக்கரையிலிருந்து காற்றைப் பற்றிய எந்தச் செய்தி போனாலும், அடியில் இரண்டு புத்தகக்காரர்களின் பெயரையும் போட்டுத்தான் அனுப்புவார்கள். கஸ்பார் வழக்கப்படி போட்டிருக்கிறார். அதை அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஒன் வீட்டுக்காரி கணக்குல தப்பு வர வாய்ப்பு உண்டாடேன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். பதினோரு வருசத்துல ஒரு புள்ளி பிசகுனதில்ல, என்னையே வேண்டாம்னு எழுதியிருக்கான்னா அது சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். அப்பறம் பலகையில பெருக்கிக் காட்டச் சொன்னாரு. முப்பத்தொரு பேருக்கு அம்பத்தாறு நாளு. இருபத்தேழு பேருக்கு அறுபத்து நாலு. கொறைய வேண்டியது நாலு பேரு, நாள் தள்ளத் தள்ள அது அஞ்சாவும், ஆறாவும்னு நான்தான் வகுத்துக் காட்டுனேன். கணக்குதான கேக்காருன்னு நெனச்சேன். வயசான மூணு பேரக் கூட்டிக்கிட்டு ஜெபம் பண்ணப் போறோம்னு வெளி அறைக்குப் போனாரு. ஒங்க ரெண்டாவது செய்தி வந்தப்போ கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தோம். வெளிக் கதவு தொறந்து கெடந்துச்சு, நாலு பேரோட குளிர் உடுப்பும் உள்ளயே தொங்குச்சு."

எப்சிபா வாயைத் திறந்தாள். இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு தன்னுடையது அல்ல என்று கூடம் கேட்கச் சொல்லலாம். எதிரே ஞானசிகாமணி டம்ளரை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதை அவர் சொல்லட்டும் என்று விட்டாள். அந்த ஒரு வாய்ப்பைத்தான் அவளால் அவருக்குக் கொடுக்க முடிந்தது.

அவர் வாளியைத் தரையில் வைத்தார்.

"அண்ணாச்சி," என்றார். "மைனி ஒங்கள வரச் சொல்லித்தான் எழுதியிருந்தாங்க. அந்தப் பக்கத்த நான் வாசிக்கல. சபையில கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். தேவதிரவியம் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. எத்தனை முறை கூட்டினாலும் வேறு வேறு விடை வரும் கணக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் இப்போதுதான் இறுகின.

"மாசிலாமணி," என்றார். "சற்குணம். யோவேல். பெரிய தாவீது."

ஞானசிகாமணி ஒவ்வொரு பெயராகத் திரும்பச் சொன்னார்.  போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

எப்சிபா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கணவர் பக்கமாக நெருங்கி, பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.